தார் முடிகிற இடம்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் முக்காணி வரைக்கும் நல்ல தார். அங்கே மேற்கே திரும்பி ஏரலுக்குப் போனாலும் தார்தான். ஆனால் வழி நெடுகக் கிளைகள் பிரிந்துகொண்டே இருக்கும். ஸ்ரீவைகுண்டம் அணையில் புறப்படுகிற வடகாலும் தென்காலும் குளம் குளமாக நிரப்பிக்கொண்டு வருகின்றன. அந்த வாய்க்கால்களின் கரைமேல் ஒரு டிராக்டர் போகிற அகலத்துக்குச் சரள் போட்ட பாதை. தார் போய்ச் சரள் தொடங்குகிற இடத்தில் ஒரு விரற்கடை இறக்கம் இருக்கும். ரோடு சைக்கிளில் வருகிறவன் அங்கே நின்றுவிடுவான். மலைச் சைக்கிளில் வருகிறவன் அதற்குள் தாரிலேயே களைத்திருப்பான்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும் என்று தோன்றுவது இந்த இடத்தில்தான். கடைகளில் அதைக் 'கிராவல் பைக்' என்கிறார்கள். ஒன்று வாங்குவது என்று முடிவாகி வெகுநாளாகிறது. எது என்பதுதான் முடிவாகவில்லை. அதைப் பற்றி அவ்வப்போது எழுதிவைத்தவை இவை.

*

முதலில் மண்ணை எழுதிக்கொள்ள வேண்டும். விளம்பரங்களில் 'எந்தப் பாதையிலும் ஓடும்' என்று போடுகிறார்கள். அப்படிப் போடுகிறவர் எங்கள் தேரி மணலைப் பார்த்ததில்லை.

எங்கள் மாவட்டத்து மண் ஒன்றல்ல. வாய்க்கால் கரையில் சரள்: வெயிலில் இறுகி, இரண்டு சக்கரத் தடங்களாகத் தேய்ந்து, நடுவில் புல் முளைத்துக் கிடக்கும். தடத்துக்குள் போனால் சுகம். தடம் மாறும்போது உதிரிக் கல்லில் சக்கரம் ஒரு கணம் நழுவும். ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கம் கரிசல். கோடையில் அது வெடித்துக் கிடக்கும். வெடிப்பு நாம் போகிற திக்கிலேயே ஓடினால் முன்சக்கரம் அதற்குள் இறங்கிவிடும். ஐப்பசி மழை விழுந்த பிறகு அதே கரிசல் டயரில் அப்பி, போர்க்குக்கும் டயருக்கும் நடுவில் அடைத்து, சக்கரத்தையே சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சைக்கிள் நம்மைச் சுமக்காது, நாம் அதைச் சுமக்க வேண்டியதுதான். திருச்செந்தூரைத் தாண்டித் தென்மேற்கே போனால் குதிரைமொழித் தேரி, இரும்பு ஆக்சைடு ஏறிச் சிவந்த மணல் மேடுகள். ஐம்பது மில்லிமீட்டர் டயரும் அதில் புதையும். கடலோரத்தில் உப்பளத்துக் கரைகள். மழையில்லாத மாதங்களில் தார்போலவே கெட்டி. இவற்றோடு கப்பி ரோடு ஒன்று உண்டு. தார் போடுவதற்காக ஜல்லியைக் கொட்டி, ரோலர் விட்டு, ஒப்பந்தக்காரர் எங்கேயோ போய்விட்ட சாலை. சில ஊர்களில் அடுத்த மழைக்காலம் வரை அதே கோலத்தில் நிற்கும். இருப்பதிலேயே கொடியது அதுதான். கூரான கல், ஒன்றோடொன்று சேராத கல். தேரியாவது இறங்கித் தள்ளு என்று நேராகச் சொல்லிவிடுகிறது.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு நாள் ஓட்டத்தில் பத்தில் ஏழு பங்கு தார் வருகிறது. இந்தக் கணக்கைப் போட்ட பிறகு மனசு கொஞ்சம் அடங்கியது. புழுதியைக் கிளப்பிக்கொண்டு சரிவில் பாய்கிறவனுடைய படத்தைப் போட்டு விற்கிறார்களே, அந்த வண்டி எனக்கு வேண்டாம். ஏழு பங்கில் சலிக்காமல் ஓடி, மீதி மூன்று பங்கில் முரண்டு பிடிக்காமல் வந்தால் போதும். தேரியைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டேன். அதற்கென்று பெருத்த டயர் வாங்குகிறவன் வருஷம் முழுக்க அதைத் தாரில் இழுத்துக்கொண்டு திரிய வேண்டும்.

*

சைக்கிளைத் தேர்வதில் பாதி, டயரைத் தேர்வது. மீதிப் பாதியில் பெரும்பகுதி, அந்த டயர் உள்ளே நுழைய இடம் இருக்கிறதா என்று பார்ப்பது.

ரோடு சைக்கிள்காரர்களிடம் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை இருந்தது. டயர் மெலிய வேண்டும், காற்று கல்லாக இறுக வேண்டும், அப்போதுதான் வேகம். சோதனைக்கூடத்தில் வழுவழுப்பான இரும்பு உருளைமேல் டயரை ஓடவிட்டால் காற்று இறுக இறுக உராய்வு குறைவதாகத்தான் தெரியும். ஆனால் அந்த உருளைக்கு மேலே ஆள் உட்கார்ந்திருப்பதில்லை. 'பைசிக்கிள் குவார்ட்டர்லி' என்ற இதழை நடத்திய ஜான் ஹைன் இந்தச் சோதனையை வெளியே கொண்டுபோனார். தூங்கி வழிகிற டிரைவரை எழுப்புவதற்காக நெடுஞ்சாலை ஓரத்தில் வரி வரியாக வெட்டியிருப்பார்களே, அதன்மேல் சைக்கிளை ஓட்டி அளந்தார். டயர் துள்ளும்போது மேலே இருப்பவனின் சதையும் எலும்பும் குலுங்குகின்றன; அந்தக் குலுக்கலில் கரைகிற சக்தி, அவன் மிதித்துத் தந்த சக்தி. காற்றைக் குறைத்து டயரை அகலமாக்கினால் குலுக்கல் குறைகிறது, மிதித்தது மிஞ்சுகிறது. இன்றைக்குப் பந்தயச் சைக்கிளிலேயே 23 மி.மீ. டயர் போய் 28, 30 என்று பெருத்துவிட்டது.

என் எடைக்கு 40 மி.மீ. டயரில் 40 பிஎஸ்ஐ-க்குச் சற்றுக் கீழே காற்று போதும். 28 மி.மீ. என்றால் 70-க்கு மேல் ஏற்ற வேண்டும். வாய்க்கால் கரையில் இந்த வித்தியாசத்தை மணிக்கட்டு சொல்லும். ஏரல் போய்ச் சேர்ந்து காபி டம்ளரைத் தூக்கும்போது இன்னும் தெளிவாகச் சொல்லும். ஆகவே 40. நடுப்பகுதி வழவழப்பாக, ஓரங்களில் மட்டும் சிறு மொட்டுகள் உள்ள டயர். தாரில் நடு ஓடும். கரையில் வளையும்போது ஓரம் பிடிக்கும்.

வண்டியில் அதற்குமேலும் இடம் வேண்டும், கரிசலுக்காக. '45 மி.மீ. வரை போடலாம்' என்று எழுதியிருந்தால், மட்கார்டு இல்லாமல் என்று அர்த்தம் செய்துகொள்வது நல்லது. ரிம் அளவைச் சற்றே குறைத்து டயரை இன்னும் தடிப்பாக்குகிற 650பி என்ற ஏற்பாடும் உண்டு. ரிம் 622 மி.மீ.-க்குப் பதில் 584. அந்த டயர் இந்த ஊரில் எந்தக் கடையிலும் கிடைக்காது. அத்தோடு அந்த யோசனை முடிந்தது.

*

40 மி.மீ. என்று எழுதியபோது ஒன்று உறைத்தது. பால்காரரும் தபால்காரரும் ஓட்டிய கறுப்புச் சைக்கிளின் டயரும் அதே அகலம்தான். 28 x 1½ என்று பக்கவாட்டில் பதித்திருக்கும். இன்றைய அளவுமுறையில் 40-635. முன்சக்கரத்தில் 32 கம்பி, பாரம் ஏறுகிற பின்சக்கரத்தில் 40. ஹேண்டில் குழாய் நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்திருக்கும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் தாராளமான நீளம். இரண்டு பக்கமும் கேன் தொங்க, மண் ரோட்டில் நேர்க்கோடாகப் போகும். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் காலத்திலிருந்து தமிழ்நாட்டு ஊர்ப் பாதைகளில் ஓடியவை இவைதான். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் பழகியதும் வழுக்கிக்கொண்டு போகிற தாரில் அல்ல.

இன்றைக்குக் கிராவல் பைக்கின் சிறப்புகளாகச் சொல்கிற அகல டயர், சாய்ந்த முன்பக்கம், நீண்ட உடம்பு, கேரியர் மாட்ட இடம் எல்லாம் அதில் இருந்தன. அதையே ஓட்டலாமே என்ற கேள்வியைத் தள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. தள்ளியது மூன்று காரணங்களால். இருபது கிலோவுக்குக் குறையாத எடை. ஈர இரும்பு ரிம்மில் கட்டை வழுக்குகிற கம்பி பிரேக். ஆடிக்காற்று.

*

காற்றைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். மலையில்லாத ஊரில் ஏற்றம் காற்றின் உருவத்தில் வருகிறது. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளையெல்லாம் சுற்றிவிட்டு மிச்சத்தோடு எங்கள்மேல் வந்து விழும். காற்றை எதிர்த்து மிதிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறும் என்பது கணக்கு. நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து அந்தக் கணக்கோடு மோதுவது வீண்.

வளைந்த ஹேண்டில்பார் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதற்காக, பந்தய ஆசையால் அல்ல. கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்தால் காற்று முதுகின்மேல் போய்விடும். கிராவல் வண்டியில் அந்த வளைவு கீழே போகப் போக வெளிப்பக்கம் விரிந்திருக்கும். சரளில் கைகள் அகன்று நிற்பதால் முன்சக்கரம் உதறினாலும் கட்டுக்குள் இருக்கும். அளவாக விரிந்தது போதும். ரொம்பவும் விரிந்ததைப் பிடித்துப் பார்த்தேன்; மாட்டின் கொம்பைப் பிடித்ததுபோல இருந்தது.

கியரும் காற்றையொட்டித்தான். இப்போது பல வண்டிகளில் முன்னால் ஒரே பல்சக்கரம். 40 பல், பின்னால் 11-இலிருந்து 42 வரை. எளிமை, செயின் கழன்று விழுவதும் குறைவு. ஆனால் பின்னால் ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது இடைவெளி பெரிது. எதிர்காற்றில் ஒன்று கனக்கும், அடுத்தது கால் வெறுமனே சுழலும். நடுவில் ஒன்று இருந்தால் தேவலை என்று தோன்றிக்கொண்டே இருக்கும். முன்னால் இரண்டு இருந்தால், 46-உம் 30-உம், பின்னால் 11-34, இந்தத் தொல்லை குறையும். மிக இலகுவான கியரில் ஒரு சுற்று மிதித்தால் இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். மிகக் கடினமானதில் ஒன்பது மீட்டருக்கு மேல். பின்காற்றில் ஊர் திரும்பும்போது அந்த ஒன்பது மீட்டர் வேண்டும். மேடு பள்ளமும் சேறுமாகக் கிடக்கிற இடத்துக்காரருக்கு ஒற்றைப் பல்சக்கரம் சரியாக இருக்கலாம்.

*

இந்த வண்டிக்குப் பெயர் வாங்கித் தந்த இடங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் கான்ஸஸ் மாநிலத்துப் பிளின்ட் ஹில்ஸ். சுண்ணாம்புப் பாறைக்குள் சிக்கிமுக்கிக் கல் அடுக்கடுக்காகக் கிடக்கிற மேட்டுநிலம். ஏர் இறங்காத அளவுக்கு மண் மெல்லிசாக இருந்ததால் உழவு படாமல் புல்வெளியாகவே தப்பியது. அங்கே எம்போரியா என்ற ஊரில் 2006-இல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இப்போது 'அன்பவுண்ட்' என்ற பெயரில் நடக்கிறது. அந்தக் கற்கள் டயரின் பக்கச் சுவரைக் கத்தியாகக் கிழிக்கும். 2023 பந்தயத்தில் தொடக்கத்திலேயே ஒரு சேற்றுப் பாதை வந்து, பெரிய வீரர்களே சைக்கிளைச் சுமந்துகொண்டு நடந்தார்கள். படத்தைப் பார்த்ததும் விளாத்திகுளம் என்றே நினைத்தேன்.

இன்னொன்று இத்தாலியில் டஸ்கனி. அங்கே வெள்ளை மண் ரோடுகள் தாருக்குள் மறைந்துகொண்டிருந்த காலத்தில், ஜியான்கார்லோ புரோச்சி என்பவர் கையோலே என்ற சிற்றூரில் 1997-இல் 'லெரோய்கா' என்ற பழஞ்சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார். அந்த ரோடுகளைக் காப்பாற்றுவது நோக்கங்களில் ஒன்று. பத்து வருஷம் கழித்து அதே ரோடுகளில் தொழில்முறைப் பந்தயமும் வந்தது.

அதைப் படித்ததிலிருந்து ஒரு சங்கடம். மண் ரோட்டைக் காப்பாற்ற வேண்டும் என்று இங்கே யாராவது சொன்னால் கிராம சபையில் அடிக்க வருவார்கள், அது நியாயமும்கூட. பிரசவத்துக்கு ஆட்டோ வராத ஊர், மழை விழுந்தால் பள்ளிக்கூட வேன் நின்றுவிடுகிற ஊர், தார் கேட்டு மனு மேல் மனு போட்டுத்தான் ரோடு வாங்கியிருக்கிறது. 2000-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் பலகைகள் எங்கள் பக்கத்தில் பல திருப்பங்களில் நிற்கின்றன. எனக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சுகமாக இருப்பது அங்கே இருக்கிறவருக்கு மற்ற ஆறு நாளும் தொந்தரவு. கரைமேல் எதிரே வருகிற டிவிஎஸ் ஐம்பதுக்காரர், நல்ல ரோடு அந்தப் பக்கம் இருக்கிறதே என்று கை காட்டுவார். ஆமாம் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு அதே கரையில் போய்க்கொண்டிருப்பேன். வேறு என்ன சொல்வது?

சரள் குறைந்து தார் கூடிக்கொண்டேதான் போகும். அதற்காகக் கிராவல் வண்டி வீணாகிவிடும் என்ற கவலை இல்லை. நம் கிராமத்துத் தார் இரண்டு மழை கண்டதும் ஓரம் அரித்து, நடு பெயர்ந்து, மறுபடி ஜல்லியாகிவிடும்.

*

மார்க்கெட் பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கிற அண்ணாச்சியிடம் நண்பர் ஒருவரின் கிராவல் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன். கோட்டம் எடுப்பதில் அவருக்கு நிகர் இல்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். டயரை அமுக்கினார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. முள்ளுக்கு என்ன செய்விய?"

கேள்வி அதுதான். சீமைக் கருவேலம் இல்லாத கரை எங்கள் பக்கத்தில் இல்லை. வெட்டிப்போட்ட கிளை காய்ந்து, முள் தனியாக உதிர்ந்து புழுதிக்குள் நிமிர்ந்து நிற்கும். தேரியோரத்தில் உடைமரத்து முள், வெள்ளையாக, ஊசிபோல நீளம். புல் ஓரத்தில் நெருஞ்சி. எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே பார்க்கிற அமைப்பு அதற்கு. டியூப் போட்ட டயர் இதில் நிலைக்காது.

டியூப் இல்லாத டயருக்குள் பால்போன்ற ஒரு திரவத்தை ஊற்றி ஓட்டுகிறார்கள். முள் துளைத்ததும் அது பீறிட்டு வந்து, துளையிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். முள்ளூருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் அந்தப் பால் நம் வெயிலில் சீக்கிரம் வற்றும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குலுக்கிப் பார்த்து ஊற்ற வேண்டும். பெரிய கிழிசலுக்கு அது உதவாது. அப்போது டியூப் போட்டுக்கொண்டுதான் வீடு வர வேண்டும். போடுவதற்கு முன்னால் டயரின் உள்பக்கம் முழுக்கத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும், விரலால் அல்ல. அதுவரை அடைபட்டு வலிக்காமல் இருந்த முள் நுனிகள் அத்தனையும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். துணி எங்கே இழுபடுகிறதோ அங்கே முள்.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பால் ஊற்றுகிற வேலையெல்லாம் தன்னிடம் கொண்டுவரக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

*

உப்புக் காற்று. பிரேமை எதில் செய்வது என்பதைப் பற்றி உலகம் முழுக்கச் சண்டை. ஸ்டீலில் உயிர் இருக்கிறது என்பார்கள், அலுமினியம் உலுக்கும் என்பார்கள். 40 மி.மீ. டயரில் குறைந்த காற்று போட்ட பிறகு அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதியை டயரே விழுங்கிவிடும். எனக்குத் தெரிய வேண்டியது துருவைப் பற்றி. உப்பளங்கள் சூழ்ந்த ஊரில் ஸ்டீல் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயிண்டு பளபளவென்று இருக்கும். அலுமினிய சீட் குழாய் ஸ்டீல் பிரேமுக்குள் ஒட்டிக்கொண்டு பிடுங்க முடியாமல் போவதும் உண்டு. கிரீஸ் தடவி, அவ்வப்போது உருவிப் பார்க்க வேண்டும். கார்பனுக்குத் துருப் பயமில்லை, ஆனால் ரயிலில் படுக்கவைத்துக் கொண்டுபோகும்போது யார் எந்தப் பெட்டியை அதன்மேல் வைப்பார் என்ற பயம் இருக்கிறது. அலுமினிய பிரேம், கார்பன் போர்க். சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லாத சேர்க்கை.

டிஸ்க் பிரேக் என்பதில் சந்தேகமில்லை. மணலும் தண்ணீரும் சேர்ந்து ரிம்மைத் தேய்க்காது. எண்ணெயா, கேபிளா? எண்ணெய் பிரேக் ஒரு விரலில் நிற்கும். அதில் காற்றுப் புகுந்துவிட்டால் எடுக்கத் தெரிந்தவர் இந்த ஊரில் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. சமவெளியில் கேபிள் போதும். துருப்பிடிக்காத கேபிள் வாங்கி வருஷா வருஷம் மாற்றிக்கொள்ளலாம்.

*

ஓட்டிப் பார்த்த இரண்டு வண்டிகளில் ஒன்று ரோடு வண்டிக்கு அண்ணன் தம்பி. ஹேண்டில் குழாய் நிமிர்ந்து, சொன்னவுடன் திரும்பும். இன்னொன்றில் அந்தக் குழாய் 70 பாகை அளவில் சாய்ந்து, முன்சக்கரம் தள்ளி நின்றது. தாரில் முதலாவது கலகலப்பாக இருந்தது. கரையில் இறங்கியதும், ஒவ்வொரு கல்லுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வருகிற அந்தக் குணம் அலுத்துவிட்டது. இரண்டாவது மெதுவாகத் திரும்பியது. ஆனால் அதன்மேல் உட்கார்ந்து கொக்கு பார்க்க முடிந்தது. பெருங்குளத்துக் கரையில் கையைச் சும்மா வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி போனேன், வண்டி தடத்தை விட்டு விலகவில்லை. பத்தில் ஏழு பங்கு தார் என்ற என் கணக்கு முதலாவதைத்தான் வாங்கச் சொல்கிறது. கணக்கில் கொக்கு இல்லை. இரண்டாவதை வாங்கப்போகிறேன்.

*

கடையில் கேட்க வேண்டியவை. சக்கரம் இரண்டிலும் 32 கம்பி இருக்கிறதா. எடைக்காகக் கம்பியைக் குறைத்த சக்கரம் வேண்டாம், கப்பி ரோட்டில் ஒன்று அறுந்தாலும் வீடு வர வேண்டும். மட்கார்டுக்கும் கேரியருக்கும் திருகு துளை உண்டா. பின்னால் கியரைத் தாங்குகிற ஹேங்கர் என்ற சின்ன அலுமினியத் துண்டு தனியாகக் கிடைக்குமா. வண்டி வலப்பக்கம் சாய்ந்தால் முதலில் வளைவது அது. பிரேம் உடையாமல் இருக்க அது வளையட்டும் என்றே வைத்திருக்கிறார்கள். வண்டிக்கு வண்டி அதன் வடிவம் வேறு. ஒன்றுக்கு இன்னொன்று பொருந்தாது. அண்ணாச்சி கடையில் தேடிப் பயனில்லை. திருநெல்வேலிக் கடைக்காரர் முதல் இரண்டுக்கும் உண்டு என்றார். ஹேங்கர் ஸ்டாக் இல்லை, எழுதிப்போட வேண்டும் என்றார். அது வந்த பிறகு வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.